வரிசையில் நிற்கிறவரிடம் பிரார்த்தனை கேட்கலாமா? (அன்னதானமும் நம்பிக்கையும்)

கெடிலக்கரை | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுக்கிட்டுதான் இருக்கேன், இழை தொடங்குறது இதுதான் முதல் தடவை. எங்க குழு ஒரு விஷயத்துல ரெண்டா பிரிஞ்சு நிக்குது. உங்க எல்லாரோட யோசனையும் வேணும்.

கடலூர் மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரி வாசல்ல நாலு வருஷமா காலைச் சாப்பாடு கொடுத்துட்டு வர்றோம். படுக்கையில இருக்கிறவங்களுக்கு உள்ளேயே சாப்பாடு வந்துடும். கூட இருந்து பார்த்துக்கிறவங்க பாடுதான் திண்டாட்டம். கையில இருக்கிற காசை மருந்துக்கும் பஸ்ஸுக்கும் எண்ணி எண்ணி வைச்சிருப்பாங்க, ஒரு டீயோட காலை ஓட்டிடுவாங்க. அப்படி சுமார் 150 பேர் வர்றாங்க. பச்சரிசி 12 கிலோ, பாசிப்பருப்பு 4 கிலோ, ஒரு பெரிய அண்டா பொங்கல், ஒரு தூக்கு சாம்பார். விடியக்காலை 3 மணிக்கு அடுப்பு பத்த வைச்சாத்தான் ஆறரைக்கு வாசல்ல நிக்க முடியும்.

குழுவுல நானும் இன்னும் ரெண்டு அக்காவும் சன்மார்க்க சங்கத்தைச் சேர்ந்தவங்க, சமையல் எங்க பொறுப்பு. அரிசியில பாதி ஒரு மண்டிக்கார பாய் கொடுக்கிறார். பரிமாற வர்ற சிஸ்டர் ஓய்வு பெற்ற நர்ஸ், ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போயிட்டு லேட்டா வருவாங்க. குட்டியானை ஓட்டுற அண்ணன் சாமியே இல்லைங்கிறவர். நாலு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு நாள் கூட இதைப் பத்திப் பேச்சு வந்ததில்ல.

போன மாசம் ஒரு பெரிய மனுஷர் வந்தார். அரிசி, பருப்பு, எண்ணெய் வருஷம் பூரா தன் செலவுன்னு சொன்னார். கேட்டது ரெண்டே ரெண்டு. அவர் கும்பிடுற தெய்வத்தோட படம் போட்ட பலகை ஒண்ணு வைக்கணும். பரிமாறுறதுக்கு முன்னாடி வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் ரெண்டு நிமிஷம் சேர்ந்து பிரார்த்தனை சொல்லணும். எந்தத் தெய்வம்னு நான் இங்க சொல்லல, சொன்னா பேச்சு வேற பக்கம் போயிடும்.

"ரெண்டு நிமிஷம்தானே, வயிறு நிறைஞ்சா சரி"ன்னு பாதிப் பேர் சொல்றாங்க. வண்டிக்கார அண்ணன் சாவியை மேசை மேல வைச்சுட்டார். எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. ஏன்னா நானும் சாமியை நம்பித்தான் மூணு மணிக்கு எழுந்திரிக்கிறேன். அந்த நம்பிக்கை இல்லாட்டி நாலு வருஷம் என்னால தாக்குப்பிடிச்சிருக்க முடியாது. அப்படியிருக்க, அவரோட நம்பிக்கையை வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன நியாயம் இருக்கு?

கறுப்புத்துண்டு | திங்கள், இரவு 10.25

தோழர், உங்க உழைப்புக்கு என் வணக்கம். அதை மனசாரச் சொல்லிட்டுத்தான் மேல எழுதுறேன்.

பசிக்கிறவனுக்குச் சோறு உரிமை. யாரோ ஒருத்தர் புண்ணியம் சேர்த்துக்க அவன் வயிறு கருவியாகக் கூடாது. நம்ம ஊர் இதை நூறு வருஷமா செஞ்சு காட்டியிருக்கு. 1920-ல நீதிக்கட்சி காலத்துல, பிட்டி தியாகராயர் பொறுப்புல இருந்தப்ப, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு போட்டாங்க. 1956-ல காமராசர் அதை ஊர் ஊரா கொண்டு போனார். 1982-ல எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022-ல காலை உணவு. அங்க ஒரு பிள்ளை தட்டை எடுத்துக்கிட்டு வந்து உக்காருது, சாப்பிடுது, விளையாடப் போகுது. யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்ல. எந்தப் படத்தையும் பார்த்துக் கும்பிட வேண்டியதில்ல. அந்தச் சோத்துக்கு இருக்கிற மரியாதையே அதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். பக்தி பரிமாறுன இடத்துல பந்தி எப்படி இருந்துச்சுன்னும் பாருங்க. 1920-கள்ல சேரன்மாதேவி குருகுலத்துல பிராமணப் பிள்ளைங்களுக்குத் தனிப் பந்தி. அதை எதிர்த்துப் பெரியார் போராடினது தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டுச்சு. அங்க பக்தியும் இருந்துச்சு, தேசபக்தியும் இருந்துச்சு. பந்தி மட்டும் ரெண்டா இருந்துச்சு.

அந்த அரிசி வேண்டாம். வண்டிக்காரத் தோழர்கிட்ட என் அன்பைச் சொல்லுங்க.

லாரிக்காரன் | செவ்வாய், காலை 6.10

அண்ணன் சொன்னதுல பந்தி விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

நாமக்கல்லுல இருந்து 22 வருஷம் வடக்க வண்டி ஓட்டினவன் நான். ஒரு மார்கழி மாசம், அம்பாலாவைத் தாண்டி, எனக்கு நல்ல காய்ச்சல். கிளீனர் பையனுக்கு இந்தி ரெண்டு வார்த்தைதான் தெரியும். ரோட்டோரம் ஒரு குருத்வாரா, சீக்கியர் கோயில். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த வழியில போறவங்கிறதால விஷயம் தெரியும், உள்ள போயிட்டோம். செருப்பைக் கழட்டிட்டுத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டுத் தரையில வரிசையா உக்காந்தோம். எனக்கு இந்தப் பக்கம் என் கிளீனர். அந்தப் பக்கம் பெரிய கார்ல வந்த ஒருத்தர், கையில மோதிரம் நாலு. அதே தரை, அதே பருப்பு. ரொட்டியை அவங்க தட்டுல போட மாட்டாங்க, ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கணும். 'பர்ஷாதா'ன்னுதான் சொல்லிக்கிட்டே வருவாங்க. நீ எந்த ஊரு, என்ன சாதி, என்ன சாமின்னு ஒரு வார்த்தை கேக்கல. கஷாயம் மாதிரி ஒண்ணு வைச்சுக் கொடுத்தாங்க, ராத்திரி அங்கேயே படுத்துட்டோம்.

தரையில உக்கார வைக்கிறதே சாதியை உடைக்கத்தான்னு அப்புறம் ஒரு சர்தார்ஜி சொன்னார். குரு நானக் ஆரம்பிச்சது. மூணாவது குரு அமர்தாஸ் காலத்துல, முதல்ல பந்தியில உக்காந்து சாப்பிடு, அப்புறம் வந்து என்னைப் பாருன்னு விதியே போட்டாங்களாம். அக்பர் பாதுஷாவும் தரையில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் குருவைப் பார்த்தார்னு அவங்க சொல்லுவாங்க. அம்ரித்சர் பொற்கோயில்ல ஒரு நாளைக்கு 50,000 பேருக்கு மேல சாப்பிடுறாங்க. பந்தி ஒண்ணுதான்.

பக்தி பந்தியைப் பிரிச்சதும் உண்டுண்ணே. பந்தியை ஒண்ணாக்குனதும் பக்திதான். ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க.

சாப்பிட்டதுக்குக் காசு நீட்டினா கையில வாங்க மாட்டாங்க. மனசு கேக்கலைன்னா பின்னாடி போய் நாலு தட்டு கழுவிக் கொடுக்கலாம். நான் கழுவியிருக்கேன். காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில அந்தத் தண்ணி ஐஸ் மாதிரி இருந்துச்சு, இன்னும் கைக்கு ஞாபகம் இருக்கு.

கறுப்புத்துண்டு | செவ்வாய், காலை 8.30

நல்ல செய்தி சொன்னீங்கண்ணே, ஏத்துக்கிறேன். ஆனா தலையில துண்டு கட்டச் சொல்றதும் ஒரு நிபந்தனைதானே? அதுக்கும் இந்தப் பெரிய மனுஷர் கேக்குற ரெண்டு நிமிஷத்துக்கும் என்ன வித்தியாசம்?

லாரிக்காரன் | செவ்வாய், மதியம் 1.15

அது அவங்க வீடு. நான் தேடிப் போய் வாசல்ல ஏறினேன். உங்க வீட்டுக்கு வந்தா நான் செருப்பை வெளியே விடுறதில்லையா, அது மாதிரி. எனக்குச் சொன்னதுதான் கார்க்காரருக்கும்.

ஆஸ்பத்திரி வாசல் யார் வீடும் இல்ல. அங்க நிக்கிறவன் உங்களைத் தேடி வரல, அவன் அப்பனுக்கோ பிள்ளைக்கோ முடியலைன்னு வந்தவன். நீங்கதான் அண்டாவைத் தூக்கிக்கிட்டு அவன் இருக்கிற இடத்துக்குப் போறீங்க. போற இடத்துல நம்ம வீட்டுச் சட்டத்தைப் போடக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்வளவுதான்.

கெடிலக்கரை | செவ்வாய், இரவு 9.05

அண்ணா, நீங்க எழுதினதை வண்டியில வைச்சே எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். படிக்கும்போதே எனக்கு எங்க வடலூர் ஞாபகம் வந்துடுச்சு.

வடலூர் போனவங்க கவனிச்சிருப்பீங்க. ஞானசபையில ஒரு அறிவிப்பு இருக்கும்: கொலை, புலை (உயிரைக் கொல்றது, புலால் தின்றது) தவிர்த்தவங்க மட்டும்தான் உள்ளே போகலாம்னு. கண்டிப்பான விதி. ஆனா அங்கேருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற தருமச்சாலையில அப்படி எந்த அறிவிப்பும் கிடையாது. யார் வேணும்னாலும் வரலாம், உக்காரலாம், சாப்பிடலாம். ரெண்டையும் நிறுவினவர் ஒரே ஆள்தான், வள்ளலார். தருமச்சாலை 1867 மே 23-ல ஆரம்பிச்சது, ஞானசபை 1872-ல. அடுப்பை மூட்டி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் கும்பிடுற இடம் வந்திருக்கு. சின்ன வயசுல எங்க பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டுக்கும் நடந்து போயிருக்கேன். அப்ப இந்த வித்தியாசம் மனசுல படல, இப்பத்தான் படுது.

பசிச்சு வந்தவங்க எந்த நாடு, எந்தச் சமயம், எந்தச் சாதி, என்ன நடத்தைன்னு விசாரிக்கவே கூடாதுன்னு வள்ளலார் எழுதி வைச்சிருக்கார். 'நடத்தை'ங்கிறதையும் சேர்த்துச் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்க்கிறேன். எங்க வாசல்ல குடிச்சுட்டு வர்ற ஒருத்தர் இருக்கார். அவர் மனைவி உள்ளே படுத்திருக்காங்க. அவருக்கும் ஒரு தட்டு உண்டு.

தருமச்சாலைக்கான நிலம், 80 காணி, பார்வதிபுரத்து ஜனங்க கொடுத்தது. அன்னிக்கு மூட்டின அடுப்பை 'அணையா அடுப்பு'ன்னு சொல்றோம். என் வீட்டு அடுப்பு ஒரு நாள் தவறாம எரியறதுக்கே நாலு வருஷமா நான் படுற பாடு எனக்குத் தெரியும். அந்த அடுப்புக்கு 150 வருஷம் தாண்டிடுச்சு. எத்தனை அம்மாக்கள், எத்தனை அய்யாக்கள் நடுராத்திரியில எழுந்து வந்து விறகு தள்ளியிருப்பாங்க!

கறுப்புத்துண்டு | செவ்வாய், இரவு 10.50

ராமலிங்க அடிகளை நானும் மதிக்கிறவன். சாதியும் சமயமும் பொய்னு அந்தக் காலத்துலேயே சொன்ன மனுஷர்.

ஆனா ஒரு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. சன்மார்க்கத்துல புலால் கூடாது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல பிள்ளைக்கு வாரம் 5 முட்டை கிடைக்குது. பல வீட்டுல அந்த வாரத்துக்கு அதுதான் முட்டை. ஒரு மத அமைப்பு சமையலை எடுத்துக்கிட்டா முட்டை போயிடுது, வெங்காயம் பூண்டும் போயிடுது. 2020-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிக் காலை உணவை அட்சய பாத்திரம் அமைப்புகிட்ட கொடுத்தப்ப தமிழ்நாட்டுல அதுக்குத்தான் எதிர்ப்பு வந்துச்சு. சமைக்கிறவர் விரதத்தைச் சாப்பிடுற பிள்ளை ஏன் இருக்கணும்? இதுல உங்க நிலை என்ன?

கெடிலக்கரை | புதன், அதிகாலை 4.20

அண்டாவுல தண்ணி கொதிக்குது, அந்த நேரத்துல எழுதுறேன்.

கோவம் இல்லண்ணா. இது எனக்குள்ளேயே இருக்கிற கேள்விதான். நான் முட்டையைக் கையால தொட மாட்டேன். என் அடுப்புல அது வேகாது. அதை நான் மாத்திக்க முடியாது, அது நான் பிடிச்சிருக்கிற வழி.

ஆனா பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு வர்ற முட்டையை என் வழியைச் சொல்லி எடுத்தா, அது அந்தப் பிள்ளை தட்டுல நான் கை வைக்கிறது. அது வேற. வள்ளலார் புலால் உண்ணுறவங்களைப் 'புறவினத்தார்'னு சொன்னார், நம்ம உறவுக்கூட்டம் இல்லைன்னே சொன்னார். ஆனா அவங்க பசியையும் தீர்த்துடணும்னு அதே மூச்சுல சொல்லிட்டார். புறவினத்தார்ங்கிற சொல்லு எனக்கு இன்னிக்கும் உறுத்தும். எங்க நர்ஸ் சிஸ்டர் மீன் சாப்பிடுறவங்க, அவங்களை விட உறவு எனக்கு யார் இருக்கா? இருந்தாலும் ஒண்ணு புரியுது. அவர் எத்தனையோ இடத்துல கோடு போட்டார், ஆனா பசிக்கு முன்னாடி அந்தக் கோட்டை நிறுத்திட்டார்.

பருப்பைப் போடணும். வர்றேன்.

பழைய ஏடு | புதன், காலை 11.00

இரண்டு தரப்பும் சொல்வதற்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன், இந்த விஷயத்தில் கொஞ்சம் படித்தவன் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 வாக்கில் போரும் பஞ்சமும் சேர்ந்து சனங்களைச் சென்னைக்கு விரட்டியபோது, ஒரு மணியக்காரர் அங்கே கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்ததால் சத்திரத்தோடு வைத்தியசாலையும் சேர்ந்து வளர்ந்தது. கஞ்சியும் மருந்தும் ஒரே வாசலில்தான் தொடங்கின. சகோதரியின் குழு ஆஸ்பத்திரி வாசலில் அண்டா வைப்பதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

அரசு மட்டும் போதும் என்று கறுப்புத்துண்டு தம்பி சொல்கிறார். நல்ல அரசு என்றால் போதும்தான். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இருந்த அரசை நினைத்துப் பாருங்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க அனுப்பப்பட்ட ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். வெயிலில் மண் சுமக்கிற ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்து வாதாடினார். அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கில் செத்தார்கள். வள்ளலார் 1874-லேயே மறைந்துவிட்டார். பஞ்சம் வந்தபோது வடலூர் அடுப்புக்கு ஒன்பது வயது.

மதத்தின் பக்கமும் ஒரு கசப்பான ஏடு உண்டு. அதே பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ மிஷன்கள் கஞ்சியும் உதவியும் கொடுத்தன. ஏராளமான உயிர்களைக் காப்பாற்றின, அதை மறைக்கக் கூடாது. அந்த இரண்டு வருஷத்தில் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். சாதிக் கொடுமையிலிருந்து ஒரு கதவு திறந்தது என்று போனவர்கள் அதில் உண்டு. அவர்கள் முடிவை நாம் இழிவு செய்ய உரிமை இல்லை. ஆனால் 'சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள்' என்ற பேச்சு அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரைக்கும் துரத்தியது. மெய்யான நம்பிக்கையோடு போனவரையும் அந்தச் சொல் விடவில்லை. சோற்றோடு சேர்த்துக் கொடுத்த எதுவும் பிறகு சந்தேகத்துக்கு ஆளாகிறது. அந்தப் பெரிய மனுஷரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். வரிசையில் வாங்கிய பிரார்த்தனையால் அவர் தெய்வத்துக்கும் பெருமை இல்லை.

நோன்புக்கஞ்சி | புதன், மாலை 5.45

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்க பள்ளிவாசல்ல ரமலான் மாசம் கஞ்சி காய்ச்சுற குழுவுல இருக்கேன். அஸர் தொழுகை முடிஞ்சதும் வாசல்ல தூக்குவாளி வரிசை நிக்கும். பாதிப் பேர் நோன்பு வைக்காத அக்கம்பக்கத்து அக்காமாருங்க. பிள்ளைக்குச் சளின்னா நோன்புக்கஞ்சி கொடுத்தா கேக்கும்னு வாங்கிட்டுப் போவாங்க. அந்தக் கஞ்சிக்கு அரிசியே தமிழ்நாடு அரசு ஒதுக்கிக் கொடுக்குது. கோயில்கள்ல அன்னதானத் திட்டம் 2002-ல வந்ததும் அரசு வழியாத்தான். அதனால அரசுச் சோறு, சாமிச் சோறுன்னு கறுப்புத்துண்டு அண்ணன் கத்தியால வெட்டின மாதிரி பிரிச்சதை என்னால அப்படியே ஒத்துக்க முடியல.

உள்ளதை உள்ளபடி சொல்லணும். ஜகாத்துக்கு, அதாவது கட்டாய தர்மத்துக்கு, எங்க மார்க்கத்துல யார் யாருக்குன்னு எட்டுப் பிரிவு வகுத்திருக்கு, சேமிப்புல நூத்துக்கு ரெண்டரை. அது முஸ்லிம் ஏழைகளுக்குத்தான்னு பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்லுவாங்க. ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கிற தர்மம், அப்படி இல்ல, யாருக்கும் கொடுக்கலாம். மண்டிக்கார பாய் உங்களுக்குத் தர்ற அரிசி ஸதகாவா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரன் பசியோட இருக்க, தான் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுறவன் முஃமின் (உண்மையான நம்பிக்கையாளன்) இல்லைன்னு நபி சொன்னதா ஹதீஸ் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் என்ன மார்க்கம்னு அதுல கேக்கல.

எனக்கு இது கடமை. கொடுத்தா அல்லாஹ் பார்த்துக்கிட்டிருக்கான்னு நம்புறேன். அவன் பார்த்தா எனக்குப் போதும், வாங்குறவர் எனக்காக எதையும் சொல்ல வேண்டாம்.

வார்டு வாசல் | புதன், இரவு 11.30

இந்த இழையைப் படிச்சதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. இதுல எழுதினவங்க எல்லாம் கொடுத்த பக்கம். நான் வாங்கின பக்கம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பாவோட ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில 19 நாள் இருந்தேன். எந்த ஊர்னு சொல்லல. நானும் படிச்சவன்தான், வேலை போயிருந்த நேரம். முதல் நாள் அன்னதான வரிசைக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் சும்மா நின்னேன், வரிசையில போய் நிக்கல. கால் போகல. ரெண்டாம் நாள் போனேன்.

மூணு விஷயம் சொல்றேன்.

ஒரு குழு பொட்டலத்தோட ஒரு பிரார்த்தனைச் சீட்டு கொடுப்பாங்க. சோத்தை வாங்கிட்டுச் சீட்டைக் கீழ போட மனசு வரல. சட்டைப் பையில மடிச்சு வைச்சுக்குவேன். 19 நாள்ல அப்படி ஏழெட்டு சேர்ந்துச்சு. அவங்க கெட்டவங்க இல்ல, சாம்பார் சாதம் நல்லாவே இருக்கும். ஆனா அந்தச் சீட்டுப் பையில இருக்கிறப்ப எதையோ கொடுத்துட்டு எதையோ வாங்கின மாதிரி இருந்துச்சு.

அதைவிட மோசம் போன் கேமரா. அதைச் செஞ்சது சாமி பேர் சொல்லாத ஒரு குழு. தட்டை நீட்டுறப்ப "கொஞ்சம் இப்படிப் பாருங்க"ன்னாங்க. எங்க சொந்தக்காரங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு அன்னைக்குப் பூரா பயந்துக்கிட்டே இருந்தேன். அதனால தோழர் கறுப்புத்துண்டுக்குச் சொல்றேன், சாமியை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடாது. பலகையில யார் படம் இருந்தாலும் ஒண்ணுதான்.

மூணாவது, இதை யாரும் இங்க பேசல. நாள் கணக்கு. அமாவாசை அன்னைக்கு அஞ்சு குழு வந்தாங்க. சனிக்கிழமை மூணு குழு. சாதம் மிஞ்சிப் போய் நாய்க்குக் கொட்டினாங்க, அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நல்ல மழை, ஒருத்தரும் வரல. அன்னைக்கு டீயும் பன்னும்தான். எங்களுக்கு அமாவாசை அன்னைக்கு மட்டும் பசிக்கல. பிறந்தநாள், திதி, விரதம், திருவிழா எல்லாம் கொடுக்கிறவங்க காலண்டர்.

தினம் வந்தது ஒரே ஒரு அம்மாதான், ஒரு வாளி இட்லியோட. கழுத்துல சிலுவையா, ஸ்படிகமா, என்ன இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இல்ல. "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா தம்பி, அப்பா எப்படி இருக்கார்?"னு கேப்பாங்க. 19-ஆவது நாள் அப்பா இறந்துட்டார். அன்னைக்குக் காலையிலயும் கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. வாளியைக் கீழ வைச்சுட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கத்துல நின்னாங்க.

கறுப்புத்துண்டு | வியாழன், காலை 7.00

தம்பி, ஏத்துக்கிறேன். எங்க இயக்கத்து ஆட்களும் தலைவர் பிறந்தநாள்னா பிரியாணி, மத்த நாள் ஒண்ணுமில்லைன்னுதான் இருக்கோம். நேத்து ராத்திரி நாலு தோழர்கள்கிட்ட பேசினேன். அப்பா பேருக்கு என் வணக்கம்.

சந்நிதியடியான் | வியாழன், காலை 9.50

நான் யாழ்ப்பாணம், வடமராட்சிப் பக்கம். தொண்டைமானாற்றிலை எங்கட செல்வச்சந்நிதி முருகனை 'அன்னதானக் கந்தன்' எண்டுதான் சனம் சொல்லும். கோயிலைச் சுத்தி மடங்கள். திருவிழா இல்லாத நாளிலையும் அடுப்பெரியும். சண்டைக் காலத்திலை இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு ஒரு நேரச் சோறெண்டாலும் அந்த மடங்களிலை கிடைச்சது. நான் சின்னப்பொடியனா இருக்கேக்கை அம்மாவோடை போய் இருந்து சாப்பிட்டனான். அதாலைதான் எழுதுறன்.

தம்பி சொன்ன காலண்டர் கதை இஞ்சையும் இருக்கு. வெசாக் எண்டால், அது புத்தர் திருநாள், தெற்கிலை தெருவுக்குத் தெரு தன்சல், சும்மா சாப்பாடு குடுக்கிற பந்தல்: சோறு, ஐஸ்கிரீம், குளிர்பானம். வாகனத்தை மறிச்சு மறிச்சுக் குடுப்பினம். தமிழர், முஸ்லிம் எண்டு பார்க்கிறேல்லை, அது நல்ல வழக்கம். ஆனால் ரெண்டு நாளிலை முடிஞ்சிடும். தன்சல் போடுறதெண்டால் சுகாதாரப் பரிசோதகரிட்டைப் பதியவும் வேணும். அக்கா, உங்கட ஊரிலையும் அன்னதானத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையிலை பதிவு இருக்கெண்டு கேள்விப்பட்டனான், செய்திட்டியளோ? செய்யாட்டில் உடனே செய்யுங்கோ. நோயாளி வீட்டுக்காரர் சாப்பிடுற சாப்பாடு.

மட்டுறுத்துநர் | வியாழன், மதியம் 12.00

எந்தத் தெய்வம், எந்த ஊர் ஆஸ்பத்திரி, யார் அந்தப் பெரிய மனுஷர் என்று ஊகித்து எழுதிய 3 பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நல்லபடியாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

கெடிலக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. பதிவு 2 வருஷம் முன்னாடியே வாங்கிட்டோம் சந்நிதி அண்ணா. தினமும் ஒரு சின்ன டப்பாவுல மாதிரி எடுத்தும் வைக்கிறோம்.

ஞாயித்துக்கிழமை அந்தப் பெரிய மனுஷரைப் பார்க்கப் போனோம். நான், நர்ஸ் சிஸ்டர், மண்டி பாய், வண்டிக்கார அண்ணன், நாலு பேரும். நான்தான் பேசினேன். ஐயா, உங்க நம்பிக்கையை நாங்க வேண்டாம்னு சொல்லல. விடியக்காலை 3 மணிக்கு எங்க அடுப்பு பத்த வைக்கிறப்ப வாங்க. அங்க நாங்க ஒரு அகல் ஏத்தி வைப்போம், சிஸ்டர் வந்தா கண்ணை மூடிக்கிட்டு அவங்க ஜெபத்தைச் சொல்லுவாங்க. நீங்களும் உங்க சாமியைக் கும்பிடுங்க, ரெண்டு நிமிஷம் இல்ல, ரெண்டு மணி நேரம் கும்பிட்டுக்கிட்டே காய் நறுக்குங்க. ஆனா வரிசையில நிக்கிறவங்களை எதுவும் சொல்ல வைக்க வேண்டாம், பலகையும் வேண்டாம். வார்டு வாசல் தம்பி எழுதினதை, பேர் சொல்லாம, அவருக்குப் படிச்சுக் காட்டினேன். பையில மடிச்சு வைச்ச சீட்டு வரைக்கும் படிச்சேன், அதுக்கு மேல எனக்குக் குரல் வரல, சிஸ்டர் வாங்கிப் படிச்சாங்க.

அவர் ரொம்ப நேரம் பேசல. கடைசியில, "எங்கம்மா பேர்ல செய்யணும்னு நினைச்சேன்மா, நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானே அவங்களுக்குப் பேரு"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அரிசி இப்போதைக்கு வராதுன்னு சொல்லி அனுப்பிட்டார். கோவமா சொல்லல.

நம்ம தம்பி சொன்ன நாள் கணக்கை வைச்சு ஒரு வேலை பண்ணோம். அந்த ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வர்ற மத்த குழுக்களையும் தேடிப் பிடிச்சு ஒரு தாள்ல மாசத்தை எழுதினோம். கோயில் குழு ஒண்ணு, சர்ச் இளைஞர்கள், ஒரு ரசிகர் மன்றம், பள்ளிவாசல் ஜமாத் ஒண்ணு. எல்லாரையும் ஒரே தாள்ல பார்த்தப்பத்தான் தெரிஞ்சது, மதியத்துல அமாவாசை, வெள்ளி, சனி, ஞாயிறு நாலுக்கும் கூட்டம், செவ்வாயும் புதனும் வெறும் கட்டம். கோயில் குழுக்காரங்க அமாவாசையை விட மாட்டோம், ஆனா அளவைக் குறைச்சுட்டு மாசத்துல ரெண்டு செவ்வாய் சேர்த்துக்கிறோம்னு ஒத்துக்கிட்டாங்க. ஜமாத்துல வெள்ளியோட ரெண்டு புதன் சேர்த்துக்கிறாங்க.

எங்க காலைப் பொங்கலுக்கு இப்ப மாசம் 60 கிலோ பச்சரிசி குறையுது. சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி பக்கம் இருக்கிறவங்க தரலாம்னா தனிமடல் போடுங்க, வண்டி வந்து எடுத்துக்கும். மதியத்துக்கு இன்னும் ரெண்டு செவ்வாயும் ரெண்டு புதனும் காலியா இருக்கு. காய் நறுக்க ஆள் வேணும், 3 மணிக்கு.

கறுப்புத்துண்டு | அடுத்த செவ்வாய், இரவு 9.40

ரெண்டு செவ்வாயும் எங்களுக்கு எழுதிக்கங்க தோழர். படம், கொடி எதுவும் வராது. முட்டை எங்க அடுப்புல வேகும், சம்மதமா?

கெடிலக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 9.52

சம்மதம்ண்ணா. எழுதிட்டேன். அண்டா பெருசு வேணும்னா எங்களுது ஒண்ணு இருக்கு, முட்டைக்கு மட்டும் தனிப் பாத்திரம் கொண்டு வாங்க. புதன் ரெண்டும் இன்னும் காலி.